ஏச்சு நானா பாம்பு வைத்தியரான கதை

ஏச்சு வாங்குவதற்காக ஜனங்கள் வரிசையில் காத்துக் கிடந்த ஊர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இலங்கையில், அறுபதுகளின் மாத்தளை. ஏசுவதற்கென்றே அல்லாஹ் அளவெடுத்துப் படைத்து அனுப்பிய மனிதரும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஏச்சு நானா. நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அரசாங்கப் படிவம் ஒன்றில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இங்கே சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லியே" என்று அவருடைய மனைவியே கதவைச் சாத்தியிருப்பார்.

தொழில் எலும்பு வைத்தியம். முறிந்தது, விலகியது, சுளுக்கியது எல்லாம் அவரிடம்தான் வரும். வாப்பாவிடம் படித்தது, அந்த வாப்பா தன் வாப்பாவிடம் படித்தது. யட்டவத்த பஸ் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. முன்னறையில் எண்ணெய்ப் போத்தல்கள், மூங்கில் சிம்புகள், பழைய வேட்டி கிழித்த கட்டுத் துணிகள், நீளமாக ஒரு வாங்கு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பெஞ்சுக்கு எங்கள் பக்கத்தில் வாங்கு என்று பெயர். உட்கார்ந்தவன் ஏச்சு வாங்காமல் எழுந்ததில்லை என்பதால், ஊரிலிருந்த எல்லா வாங்குகளிலும் அந்தப் பெயர் பொருந்தியது இதற்குத்தான்.

அவரிடம் மயக்க மருந்து கிடையாது. "வலிக்கும், பல்லைக் கடிச்சுக்குங்க" என்று எச்சரிக்கிற பழக்கமும் கிடையாது. வலி வரப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு இறுகும், இறுகின மூட்டு இறங்காது என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே ஆளைக் கோபப்படுத்துவார். ஆள் கொதித்துப்போய்ப் பதில் சொல்ல வாயைத் திறக்கிற அந்த ஒரு விநாடியில் 'டக்'. மூட்டு தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரு தடவை பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ஒருவர் தோள் விலகி வந்தார். கோட்டு, வேட்டி, நெற்றியில் சந்தனம், ஊரே எழுந்து நிற்கிற மனிதர். இவரையுமா ஏசப்போகிறார் என்று வாங்கு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானா எண்ணெயைத் தடவியபடி வெகு பணிவாக ஆரம்பித்தார்.

"மாஸ்டர், ஒங்கள்ட்ட படிச்ச ஒருத்தன் நேத்து வந்தான். 'வைத்தியர்'னு எழுதுடான்னு சொன்னேன். 'வயித்தியர்'னு எழுதுறான். அஞ்சு வருசமா வயித்த மட்டும்தான் படிச்சுக் குடுத்தீங்களா?"

"யார் அந்தப் பயல்? பேரைச் சொல்..."

டக்.

"...லும்!" என்று ஆசிரியர் வாக்கியத்தை முடித்தபோது தோள் சேர்ந்துவிட்டது. அந்தப் பயலைத் தேடிப் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு வாரம் சொல்வதெழுதுதல் நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு பயல் பிறந்திருக்கவே இல்லை.

எல்லோரும் அவ்வளவு லேசில் கோபப்பட்டுவிட மாட்டார்கள். கலேவெலயிலிருந்து வந்த ஒரு விவசாயி நானாவை அரை மணி நேரம் தண்ணி காட்டினார். பெண்சாதியை ஏசினார், "உண்மைதான்" என்றார் அவர். ஊரை ஏசினார், "அதுவும் சரிதான்" என்றார். அவர் வாக்குப் போட்ட கட்சியை ஏசியபோது அவரும் சேர்ந்து ஏசினார். நானாவுக்கு வியர்த்து விட்டது. கடைசியில், "கலேவெல மாடு வயலக் கண்டா படுத்துக்குமாமே?" என்று ஒரு வார்த்தை விட்டார். "எந்த மாடு? என் மாடா?" என்று விவசாயி எழுந்தே விட்டார். எழுந்தபோது முழங்கால் சரியாகியிருந்தது.

இன்னொரு நாள் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை மணிக்கட்டு பிசகி வந்தார். நானாவுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஏச்சு ஆறாகப் பெருகும். இங்கிலீஷில் மூன்றே சொற்கள்தான். அந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாக்கியம் செய்தார்.

"யுவர் டீ டஸ்ட்!"

துரையின் முகம் கோழிக்கொண்டைப் பூ மாதிரிச் சிவந்தது. தேயிலையில் டஸ்ட் என்பது கடைசித் தரம், பி.ஓ.பி என்பது உயர்ந்த தரம் என்று தெரியாதவர்கள் அந்தச் சிவப்பைப் புரிந்துகொள்ள முடியாது. "டஸ்டா? பி.ஓ.பி! என் தோட்டத்துத் தேயிலை பி.ஓ.பி!" என்று துரை கத்தினார். டக். துரை கையை ஆட்டிப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், மறுபடி கையை ஆட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் தோறும் அவரிடமிருந்து ஒரு பொட்டலம் தேயிலை வரும். அதன்மேல் 'பி.ஓ.பி' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கும்.

முத்துமாரியம்மன் கோவில் தேருக்கு மறுநாள் வாங்கு கொள்ளாது. வடம் பிடித்துத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்ட பக்தர்கள் சுவரோரமெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். "நீங்க அம்மன இழுத்தீங்களா, அம்மன் ஒங்கள இழுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே நானா ஒரு ஓரத்திலிருந்து வருவார். மதம், சாதி, மொழி எதிலும் அவர் பேதம் பார்த்ததில்லை. எல்லோரையும் ஏசுவார்.

நான் அப்போது ஒரு புரொக்டர் கந்தோரில், அதாவது வக்கீல் அலுவலகத்தில், தட்டெழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். கத்தைக் காகிதத்தோடு கோர்ட்டுப் படியில் ஓடி விழுந்து மணிக்கட்டை விலக்கிக்கொண்டுதான் நானாவிடம் முதலில் போனேன். "டைப் அடிக்கிறவனா? விரலு பத்து ஈக்குது, மூளை ஒண்ணு கூட இல்லியே" என்று தொடங்கினார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் உடம்பு தளரும் என்பதை அன்றுதான் அவர் கண்டுபிடித்தார். டக்.

கை நல்லாகிப் பல நாளான பிறகும் மாலையில் கந்தோர் முடிந்தால் என் கால் அந்த வளைவுக்குத்தான் போகும். என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாதம் ஒரு தபாலட்டையில் நாலு வரி எழுதுவார், அதற்கு மேல் பேசமாட்டார். டவுனில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்கு, நாளைக்கு ஒரு தடவை யாராவது உரிமையோடு ஏசுவது சாப்பாட்டைப் போலத் தேவையாக இருந்தது. "அடே பேனா, வந்துட்டியா? சோறு தின்னியா, இல்ல காகிதத்தத்தான் தின்னியா?" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது முடிந்ததாகத் தோன்றும்.

இந்த நிலையில்தான் சட்டம் வந்தது.

நாட்டு வைத்தியர்கள் எல்லோரும் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்றார்கள். ஒரே படிவம், ஒரே பதிவேடு, ஒரே சான்றிதழ். யார் வைத்தியர், யார் வேஷக்காரர் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? நல்ல சட்டம்தான், நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். பதியாதவர் வைத்தியம் பார்த்தால் வழக்கு. பதிந்தவரும் எந்தத் துறையில் பதிந்தாரோ அந்தத் துறையில்தான் கை வைக்கலாம். கிராமத்துக்குப் பொறுப்பான விதானை வீடு வீடாக வந்து இதைப் படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

நானா படிவத்தை எடுத்துக்கொண்டு என் கந்தோருக்கே வந்தார். நான் கேள்விகளை வாசித்து, பேனாவைப் பிடித்தேன்.

"கல்வித் தகைமை?"

"வாப்பாட்ட வாங்கின அடி."

'பரம்பரை' என்று எழுதினேன்.

"சிகிச்சை அளிக்கும் முறை?"

"ஏச்சுன்னு போடு."

"அப்படியெல்லாம் போட முடியாதுங்க நானா."

"அப்ப பொய் எழுதப் போறியா? அரசாங்கத்துக்குப் பொய் எழுதி என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா, அடே பேனா?"

புரொக்டர் கந்தோரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எந்த விஷயத்துக்கும் ஒரு கௌரவமான சொல் கைவசம் இருக்கும். 'வாய்மொழி' என்று எழுதினேன். பொய்யுமில்லை, அசிங்கமுமில்லை. நானாவும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

கடைசிக் கேள்வி, விசேட துறை. அதற்கு விட்டிருந்த கட்டம் தீப்பெட்டி லேபிளில் பாதி.

"முறிவுன்னு போடு. மாத்தளையில யாருக்குத் தெரியாது?"

எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது. மாத்தளையில் 'முறிவு வைத்தியர்' என்றால் குழந்தை கூட அந்த வளைவைக் கைகாட்டும். அழகான கையெழுத்தில், ஒரே சொல்லாக, 'முறிவு' என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. சிங்களத்தில் இருந்தது. தடித்த காகிதம், தங்க நிற ஓரம், அரசாங்க முத்திரை. நானா வாங்கிலிருந்த அத்தனை பேருக்கும் அதைத் தூக்கிக் காட்டினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய இடத்தையும் எனக்குக் காட்டினார். பிறகு, "வாசி, எல்லாரும் கேக்கட்டும்" என்று என் கையில் தந்தார்.

வாசித்தேன். பெயர் சரி. ஊர் சரி. அதற்கடுத்த வரியில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னடா முழிக்கிற? என்ன போட்டிருக்கு?"

"சர்ப்ப... சர்ப்ப விஷ வைத்தியர்னு போட்டிருக்குங்க நானா."

எலும்புக்கும் முறிவுதான், விஷத்துக்கும் முறிவுதான். எலும்பு முறிந்தால் கெட்டது, விஷம் முறிந்தால் நல்லது, அவ்வளவுதான் தமிழில் வித்தியாசம். கொழும்பில் என் படிவத்தை மொழிபெயர்த்த யாரோ ஒரு மனிதர் 'முறிவு' என்பதைப் பார்த்திருக்கிறார். முறை 'வாய்மொழி' என்பதையும் பார்த்திருக்கிறார். வாயால் ஓதி முறிப்பது விஷமாகத்தானே இருக்க வேண்டும், எலும்பை எவனாவது வாயால் சேர்ப்பானா? அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏச்சு நானா பயப்படுகிற ஜீவராசி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது பாம்பு. பாம்பு என்ற சொல்லைக் கூட வாயில் எடுக்க மாட்டார், "நீட்டு" என்பார். புடலங்காய் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. கடைத்தெருவில் யாரோ கயிற்றுச் சுருளைக் கீழே போட்டதற்கு அரிசி மூட்டைக்கு மேல் ஏறி நின்றவர் அவர்.

நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். நானா சான்றிதழை என் கையிலிருந்து வாங்கினார். மெதுவாகச் சுருட்டினார்.

"நல்லது தம்பி. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

தம்பி! நீங்க! போயிட்டு வாங்க! அந்த மனிதர் தன் மருமகனைக் கூட நீங்க என்று சொன்னதில்லை. எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ 'டக்' என்று விலகியது.

மறுநாளிலிருந்து நானா எலும்பில் கை வைக்கவில்லை. சட்டத்துக்கு அவ்வளவு பயந்த மனிதர். முறிந்த கையும் விலகிய காலுமாக வந்தவர்களை வாசலிலேயே கும்பிட்டு, "நான் இப்ப நீட்டு வைத்தியருங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினார். ஏசுவதும் நின்று போனது. ஏசாத நானா ஒரு மாதத்தில் பாதியாக இளைத்தார். "ராவையில தூக்கத்துல கைய ஆட்டி ஆட்டி யாருக்கோ மூட்டு ஏத்துறாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லி அழுதார். மூன்று தலைமுறையாக எலும்பு சேர்த்த கையை ஒரு சொல்லால் கட்டிப்போட்டவன் நான். கொழும்புக்குத் திருத்தம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதிலே வரவில்லை.

வழி கண்டுபிடித்தவர் விதானை. சட்டத்தை வாசித்துக் காட்டிய அதே விதானைதான். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை விலகி, முகம் வெளுத்து, வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

"நானா, என்னைய பாம்பு கடிச்சிருச்சு."

நானா இரண்டடி பின்னால் போனார். "எங்க?"

"முழங்கையில."

நானா எட்ட நின்றே எட்டிப் பார்த்தார். "பல்லுப் பட்ட இடம் காணலியே?"

"பல்லில்லாத பாம்புங்க. கெழட்டுப் பாம்பு."

"விதானையார், இது சைக்கிள்ல விழுந்த கை."

"அந்தப் பாம்புதான் சைக்கிள்ல வந்துச்சு!" என்று வலி தாங்காமல் விதானை கத்தினார். "நான் சட்டத்துக்குப் பொறுப்பானவன் சொல்றேன், என்னைய கடிச்சது பாம்பு! ஒங்க சாட்டிபிக்கட்ல என்ன போட்டிருக்கோ அதத்தானே செய்யச் சொல்றேன்? செய்யுங்கய்யா!"

நானா கிட்டே வந்து முழங்கையைப் பிடித்தார். பிறகு ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த ஏச்செல்லாம் மதகு திறந்தது போல வந்தது. விதானைகள் வர்க்கத்தையே ஆதியிலிருந்து பிடித்து ஏசினார். வாங்கில் இருந்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டக்.

அதற்குப் பிறகு மாத்தளையில் மரத்திலிருந்து விழுந்தவர், படியில் வழுக்கியவர், பந்தடித்துக் கால் பிசகியவர் எல்லோரையும் பாம்பே கடித்தது. தெருமுனையிலிருந்தே "ஐயோ பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டு நொண்டி நொண்டி வருவார்கள். தேருக்கு மறுநாள் ஒரே காலையில் நாற்பது பேரைப் பாம்பு கடித்தது, அத்தனை பேருக்கும் தோளில்.

சான்றிதழோடு வந்த விதிமுறைப்படி நோயாளர் புத்தகம் ஒன்று வைத்து, மூன்று மாதத்துக்கொரு தடவை கொழும்புக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பாவத்துக்குப் பரிகாரமாக அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். சனிக்கிழமை பின்னேரம் போய் உட்காருவேன். 'மாமரத்திலிருந்து விழும்போது சாரை தீண்டியது, இடது தொடை, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டப்பட்டது, பூரண சுகம்.' 'குளிக்கும் இடத்தில் விரியன் தீண்டியது, கணுக்கால் பிசகல், பூரண சுகம்.' ஒவ்வொரு வரியிலும் பூரண சுகம்.

நானா எல்லோரையும் ஏச ஆரம்பித்துவிட்டார். என்னை மட்டும் ஏசவில்லை. "எழுதுங்க தம்பி", "தேத்தண்ணி குடிங்க தம்பி", "கவனமாப் போங்க தம்பி." மாத்தளையில் ஏச்சு நானா மரியாதை கொடுத்த ஒரே ஆள் நான். அந்த மரியாதையைச் சுமந்துகொண்டு அறைக்குத் திரும்பும்போது என் கால்கள் கனத்தன.

நாங்கள் யோசிக்காத ஒன்று இருந்தது. கொழும்பில் அந்தப் புத்தகப் பிரதிகளை ஒருவர் உண்மையாகவே வாசித்திருக்கிறார். இலங்கை முழுவதிலும் இவ்வளவு பாம்புக்கடி ஒரு ஊரில் கிடையாது. இவ்வளவு பாம்புக்கடியில் ஒரு சாவு கூட இல்லாத வைத்தியர் ஆசியாவிலேயே கிடையாது. விஷயம் வாய் வழியாகவும் பரவிவிட்டது. மாத்தளையில் ஒரு பாம்பு வைத்தியர் இருக்கிறார், அவர் ஏசினால் விஷம் பயந்து இறங்கிவிடும் என்று யட்டவத்தப் பக்கமெல்லாம் பேச்சு.

ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஜீப்பில் ஒரு சிங்கள அதிகாரி, எங்கள் பேச்சில் ஒரு மாத்தயா, வந்து இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை, கையில் கோப்பு, தமிழ் ஓரளவு பேசுவார். நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஒங்கட முறைய எங்கட ஆக்களுக்குப் படிச்சுக் குடுக்கணும்" என்றார். நானாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. என் பேனா கீழே விழுந்தது.

அதே நேரம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. யட்டவத்தப் பக்கத்து மிளகுத் தோட்டக்காரர் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவருடைய தம்பி முன்னால் ஓடி வந்து, கையிலிருந்த சாக்கை மேசையில் உதறினார். கடித்த பாம்பை அடித்து வைத்தியருக்குக் காட்டக் கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மேசையில் நீளமாக விழுந்தது ஒரு நாகம்.

"யா அல்லாஹ்!" என்று நானா வாங்குக்கு மேல் ஏறி நின்றார்.

கொழும்பு மாத்தயா ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தொடங்குங்க வைத்தியர். நான் பாக்கணும்."

நானா மேசையைப் பார்த்தார், மாத்தயாவைப் பார்த்தார், பிறகு கடிபட்டவரைப் பார்த்தார். அந்த மனிதரின் இமைகள் தானாகவே மூடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை பொய்யாக முணுமுணுத்து, ஒரு இலையைக் கட்டி அனுப்பியிருந்தால் சான்றிதழும் தப்பியிருக்கும், நானாவும் தப்பியிருப்பார். அவர் வாங்கில் நின்றபடியே கத்தினார்.

"எனக்கு நீட்டு வைத்தியம் தெரியாது! ஒரு எழுத்தும் தெரியாது! இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே! மாத்தயா, ஒங்க ஜீப்பு!"

சொல்லிக்கொண்டே செத்த பாம்பைச் சுற்றி ஒரே தாவலாகத் தாவி, கடிபட்டவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் ஜீப்பில் ஏறினோம். ஆஸ்பத்திரி ஒரு மைல்தான். ஆனால் அன்றைக்குச் சந்தை நாள், பாதை நிறைய மாட்டு வண்டியும் மரக்கறிக் கூடையும். ஜீப் ஊர்ந்தது. கடிபட்டவரின் தலை நானாவின் தோளில் சாய்ந்தது. "விட்டுருங்க நானா. நான் மௌத்தாகப் போறேன்" என்று சாவுக்குத் தயாரானவர் போல முனகினார்.

"மௌத்தாப் போவியா? போடா, போ!" என்று ஆரம்பித்தார் நானா. "ஒன்னைய மாதிரி சோம்பேறி இருந்தென்ன, போயென்ன?" அந்த மனிதர் அசையவில்லை. ஊரை ஏசினார், அசைவில்லை. வீட்டை, வேலியை, வைத்த மீசையை ஏசினார், அசைவில்லை. நானாவின் குரல் உடைந்து போயிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய ஏசினார். கடைசியாக அவர் காதுக்குக் கிட்டப் போய்,

"யட்டவத்தையில ஒன்ட மிளகப் பத்தி எல்லாம் பேசிக்கிறாங்கடா. பாதிக்குப் பாதி பப்பாசி விதையாமே!"

மிளகில் பப்பாளி விதையைக் கலக்கிறான் என்பதை விடப் பெரிய ஏச்சு மிளகுத் தோட்டக்காரருக்குக் கிடையாது. இமை ஒன்று திறந்தது.

"யாரு... சொன்னது?"

"எல்லாரும்தான். பப்பாசி யாவாரின்னுதான் ஒனக்குப் பேரே!"

"என்ட மிளகுலயா? என்ட மிளகுல பப்பாசியா?" இரண்டாவது இமையும் திறந்தது. நாக்குக் குழறியது, ஆனால் கோபம் குழறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தூக்குப் படுக்கையில் ஏற்றும்போதும், ஊசி போடும்போதும், எந்தக் கொடியில் எவ்வளவு காய்த்தது என்று அவர் நானாவிடம் வாதாடிக்கொண்டே இருந்தார். பிழைத்துவிட்டார். பல வருஷம் கழித்தும் நானாவைக் கண்டால், மடியிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்துக் காட்டி, "எங்க பப்பாசி, காட்டுங்க பாப்போம்" என்று நடுத்தெருவில் சண்டைக்கு நிற்பார்.

டாக்டர் வெளியே வந்து பயமில்லை என்று சொன்ன பிறகு, கொழும்பு மாத்தயா விறாந்தையில் கோப்பைத் திறந்தார்.

"அப்ப இந்தப் புத்தகத்துல இருக்கிற பாம்பெல்லாம்?"

"அதுல ஒரு நீட்டும் இல்லீங்க மாத்தயா. எல்லாம் எலும்பு. இன்னைக்கு வந்ததுதான் மொத நீட்டு" என்றார் நானா. "வழக்குப் போடுங்க. ஜெயிலுக்குப் போறேன். அங்கயாவது நாலு எலும்பு முறியாமலா ஈக்கும்?"

"படிவம் எழுதினது யார்?"

புரொக்டர் காதுக்குப் போனால் என் வேலை அன்றோடு சரி. நானா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் அப்பிடிச் சொன்னேன். இந்தத் தம்பி நான் சொன்னதத்தான் எழுதினாரு."

மாத்தயா என்னைக் கூர்ந்து பார்த்தார். "எலும்பு ஒடஞ்சா தமிழ்ல என்ன?"

"முறிவுங்க மாத்தயா."

"விஷம் எறங்கினா?"

"...முறிவுங்க மாத்தயா."

அவர் பேனாவை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற சொல்லு ஒண்ணு வாங்கிப் போட ஒங்க ஆக்களுக்கு வசதியில்லயா?" என்று கேட்டார். பிறகு கோப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "புதுப் படிவம் அனுப்புறேன். இந்தத் தடவ கட்டத்துக்கு வெளியில போனாலும் பரவால்ல, முழுசா எழுதுங்க" என்றார். அதிகாரிகளில் அப்படியும் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

முழுசாகவே எழுதினேன். 'மனிதருடைய எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுளுக்கு ஆகியவற்றுக்கு மாத்திரமான வைத்தியம். பாம்புக்கு எவ்விதத்திலும் சம்பந்தமில்லை.' கட்டத்தைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, பின்பக்கம் வரை போனது.

பழைய சான்றிதழ் வந்து பத்து மாதம் கழித்துப் புதியது வந்தது. வாங்கு நிறைய ஆட்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். நானா மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"எங்கயாவது நீட்டு ஈக்கா? நல்லாப் பாருங்க தம்பி."

"ஒரு மண்புழு கூட இல்லீங்க நானா."

சான்றிதழை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஆணியில் மாட்டினார். எட்ட நின்று பார்த்து, கொஞ்சம் சாய்த்து மாட்டினார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். முகம் இறுகியிருந்தது. விரல் ஒன்று என் மூக்குக்கு நேரே வந்தது.

"அடே பேனா."

நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"அடே பேனா, ஒனக்குப் பேனாவக் குடுத்தவன் எவன்டா? ஒரு சொல்லு எழுதி என்னைய நீட்டோட படுக்க வச்சியே, நீ தமிழ் படிச்சியா இல்ல தவிடு தின்னியா? ஒன்னையப் படிப்பிச்ச வாத்தியான் எங்கடா, கொண்டு வா அவன! ஒரு கட்டத்துக்குள்ள ஒழுங்கா ஒரு எழுத்து எழுதத் தெரியாத ஒனக்குக் கந்தோர் ஒரு கேடு, போட்டிருக்கிற களுசான் ஒரு கேடு, தலையில வகிடு ஒரு கேடு..."

பத்து மாத பாக்கி. என் பள்ளிக்கூடத்தை ஏசினார், புரொக்டரை ஏசினார், மாதம் நாலு வரி எழுதுகிற என் அப்பாவை ஏசினார், நான் இனிமேல் கட்டப்போகிற பெண்சாதியைக் கூட முன்கூட்டியே ஏசினார். நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டு நின்றேன்.

வாங்கின் ஓரத்தில் ஒரு கையில் கட்டுப் போட்டிருந்த புது ஆள் ஒருவர், தோட்டத்திலிருந்து வந்தவர் போலிருக்கிறது, என் சட்டையை இழுத்து மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஏச்சு ஏசுறாரே, ஒங்களுக்கு எங்கங்க முறிஞ்சிருக்கு?"

"இப்பதாங்க சேந்துச்சு" என்றேன்.